ராமையா என்று கூப்பிட்டால்

ராமையா என்று யாராவது கூப்பிட்டால் அவர் சட்டென்று பதில் சொல்லமாட்டார். முதலில் தனக்குப் பின்னால் ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார். பிறகுதான் கூப்பிட்டவர் பக்கம் முகத்தைத் திருப்பி, “என்னண்ணே?” என்பார். கண்மூடித் திறக்கும் நேரம்தான். அபுதாபி முசஃபாவில் அவரோடு ஒரே அறையில் படுத்து ஒரே சட்டியில் தின்றவர்களுக்குக்கூட அது தெரியாது. பத்ருன்னிசாவுக்குத் தெரியும்.

பத்ருன்னிசாவின் கணவர் செய்கு முகம்மது அவர்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் இரண்டு அறை. நடுவில் ஒரு திரை. கீழக்கரையில் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைக்கப்பட்ட பெண் அவள். கல்யாணமாகி அபுதாபிக்கு வந்த பிறகும் ஆண்கள் நிற்கிற இடத்துக்கு வந்து பேசிப் பழக்கமில்லை. திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சாயங்கால வடைக்கு வெங்காயம் நறுக்குவாள். திரையின் ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி உண்டு. அந்த இடைவெளி வழியாக அவள் பார்த்த மனிதர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் டெல்லி வரைக்கும் போவார் என்று அல்லாஹ்வைத் தவிர யாருக்குத் தெரியும்?

ராமையா கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாயில் சாரம் கட்டுகிற வேலைக்கு வந்தவர். முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். கடைக்கு முதன்முதல் வந்த நாளிலேயே செய்கு முகம்மதை மாமா என்று கூப்பிட்டார். இவர் பதிலுக்கு மாப்ள என்றார். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அதற்கு மேல் அறிமுகம் தேவையில்லை. மாமாவின் வீட்டுக்காரி என்பதால் பத்ருன்னிசா அக்கா ஆனாள். முகம் காட்டாத அக்கா.

கேம்பில் அவருக்கு முதலில் கிடைத்த பதவி மெஸ் செக்ரட்டரி. சாம்பாரில் பருப்பில்லை என்று கரண்டியால் அடித்துக்கொண்டவர்களைச் சமாதானம் செய்யப்போய், கடைசியில் அவர் கையிலேயே சாவியைக் கொடுத்துவிட்டார்கள். அவர் பேச்சில் பெரிய சாமர்த்தியம் ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார். ஒரு குறையைச் சொல்ல மேனேஜரிடம் போவதென்றால் கோபக்காரனைக் கூட்டிக்கொண்டு போகமாட்டார். இருக்கிறவர்களிலேயே பயந்தாங்கொள்ளி எவனோ அவனைத்தான் முன்னால் நிறுத்துவார்.

ஒரு ஆடி மாத வெயிலில் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் கொதித்தது. டூட்டி முடிந்து வந்தவர்கள் குளிக்க முடியாமல் வாளியைச் சுற்றி நின்றார்கள். அன்றைக்கு அவர் பிடித்த ஆள் சேதுபதி. பரமக்குடிப் பக்கத்துப் பையன், வாயைத் திறந்தால் திக்குவான்.

“எனக்குப் பேச வராதுண்ணே,” என்று சேதுபதி கடை வாசலில் அழாத குறையாக நின்றான்.

“அதுக்குத்தாண்டா உன்னையக் கூப்பிடுறேன். நான் பேசுனா இவன் கட்சி கட்டுறான்ம்பாரு. நீ பேசுனாத்தான் தண்ணி நெசமாவே சுடுதுன்னு தெரியும்.”

சேதுபதி போய் மேனேஜர் முன்னால் ‘பானி, பானி’ என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, மூன்றாவது வார்த்தை வராமல் சட்டையைக் கழற்றித் தோளைக் காட்டினானாம். தோல் உரிந்திருந்தது. அந்த வாரமே தொட்டிக்கு மேலே பலகை வேய்ந்து நிழல் போட்டுக் கொடுத்தார்கள். சேதுபதி அதற்குப் பிறகு கேம்பில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். தொட்டியைக் குளிர வைத்ததைவிட அதுதான் பெரிய காரியம் என்று பத்ருன்னிசாவுக்குத் தோன்றியது. அப்படி ஒரு வித்தையை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து ஒன்றில் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. அவர் ஊர் தனிப் பஞ்சாயத்து. தலைவர் நாற்காலியில் காலனிக்காரர் ஒருவர்தான் உட்காரலாம் என்று சட்டம். உட்காருகிறவர் பெரியவீட்டுக்காரர் சொல்கிற இடத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்று ஊர் வழக்கம். ராமையா போய் நிற்கப்போவதாகச் சொன்னார். கம்பெனி லீவு தரவில்லை. விசாவைக் கேன்சல் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

செய்கு முகம்மதுக்குத் தாங்கவில்லை. “நாட்டுல இருக்கிறவன் பூராம் ஒரு விசா கெடைக்காதான்னு நாக்கத் தொங்கப்போட்டு அலையிறான். நீ கையில இருக்கிறதக் கிழிச்சுப் போட்டுட்டுச் சாக்கடை அள்ளப் போறேங்கிற. கிறுக்குப் புடிச்சிருச்சா மாப்ள?”

அவர் பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்:

“எம் பேரு ராமையா இல்ல மாமா. அது எங்கய்யா பேரு. எம் பேரு முனியசாமி. பாஸ்போட்டுல அய்யா பேரு முன்னால இருக்கவும், மலையாளி டைம்கீப்பரு மொத நாளு ‘மிஸ்டர் ராமையா’ன்னு கூப்பிட்டான். எங்கய்யா வந்து நிக்கிறாரோன்னு திரும்பிப் பாத்துட்டேன். எங்க ஊருல அவரப் பேரு சொல்லி எவனும் கூப்பிட்டு நான் கேட்டதில்ல. அரை டவுசரு போட்ட பயகூட ‘ஏலே’ம்பான். இங்க ஒருத்தன் மிஸ்டர்ங்கிறான். அதைப் போயி தப்புன்னு சொல்ல எனக்கு மனசு வரல.”

செய்கு முகம்மது தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பஞ்சாயத்து ஆபீசுல ஒரு பலகை இருக்கு. தலைவருக பேரெல்லாம் எழுதிருக்கும். அதுல எம் பேரோட அவரு பேரும் ஏறணும். அவரு உசுரோட இருக்கையில ஏறணும். அம்புட்டுத்தான்.”

திரைக்குப் பின்னால் பத்ருன்னிசா கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷமாக அவர் திரும்பிப் பார்த்தது யாரை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்தப் பஞ்சாயத்துக்கு ஏழெட்டுக் குக்கிராமம். அத்தனை ஊரிலிருந்தும் ஆட்கள் முசஃபாவில் வேலைக்கு இருந்தார்கள். காலனியைத் தவிர மற்ற ஊர்க்காரர்களுக்கு அவரைத் தெரிந்ததே இந்த கேம்பில்தான், அதுவும் ராமையாவாகத்தான். வெள்ளிக்கிழமை தோறும் கடை வாசலில் இருந்த இரண்டு டெலிபோன்களுக்கும் வரிசை நின்றது. மனைவிக்கு, ஆத்தாளுக்கு, அண்ணன் பெண்டாட்டிக்கு என்று ஒவ்வொருவரும் கார்டைத் தேய்த்துத் தேய்த்து ஒரே சேதியைத்தான் சொன்னார்கள். நம்ம ராமையாவுக்குப் போடுங்க. நம்ம சோறு பாத்த மனுசன். ராமையா பேர மறந்துறாதீங்க. பத்ருன்னிசாவுக்கு அதைக் கேட்கக் கேட்கச் சந்தோஷம் பொங்கியது. கடல் தாண்டி ஒரு பெயரை இத்தனை பேர் இத்தனை ஆசையோடு அனுப்பி வைக்க முடியுமா என்று வியந்துபோனாள்.

அந்தப் பெயர் பெரியவீட்டுக்காரர் காதுக்கும் போயிற்று. அவர் வேட்புமனு வாங்கும் கடைசி நாளில் தன் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிற ஆள் ஒருவரைக் கூட்டிவந்து நிறுத்தினார். அந்த ஆளின் பெயரும் ராமையா.

தேர்தலன்று குக்கிராமத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வெளியே நின்றவர்களிடம், “ராமையா சின்னம் எது தம்பி?” என்று கேட்டார்கள். பெரியவீட்டு ஆட்கள் முகம் முழுக்கச் சிரிப்போடு, “பூட்டு சாவி ஆத்தா, மறந்துறாதீங்க,” என்று சொல்லி அனுப்பினார்கள். வேட்புமனுவில் முனியசாமி என்று இருந்தவரின் சின்னம் ஏணி. வாழ்நாள் முழுக்கச் சாரம் கட்டியவருக்குப் பொருத்தமான சின்னம்தான். எவரும் அதைத் தேடவில்லை.

மறு வருஷம் வேறொரு கம்பெனி விசாவில் அவர் திரும்பி வந்தார். செய்கு முகம்மதுதான் தன் விசாவுக்குப் பொறுப்பான அரபி கஃபீல் மூலம் சொல்லி ஏற்பாடு செய்திருந்தார். கேம்பில் அவர் முகத்தைப் பார்க்க எவனுக்கும் தைரியமில்லை. அந்த ராமையாவுக்கு விழுந்த ஓட்டெல்லாம் நாம் போடச் சொன்ன ஓட்டுத்தானே என்று ஆளாளுக்குக் குமைந்தார்கள். சேதுபதி அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். முனியசாமிதான் சிரித்தார். அய்யா பேரை மைக்கில் சொல்லிக் கேட்க நன்றாகத்தான் இருந்தது என்றார்.

கடையில் ஆளில்லாத நேரமாகப் பார்த்து மீதியையும் சொன்னார்.

“எண்ணி முடிச்சு ‘ராமையா வெற்றி’ன்னு சொன்னான் மாமா. எங்கய்யா நானு ஜெயிச்சுட்டேன்னு நெனச்சுக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே மைக்குக்கிட்டப் போனாரு. பெரியவீட்டு ஆளுக சிரிச்சாக. அவருக்கு ஏன் சிரிக்கிறாகன்னு வெளங்கல. அவரும் கூடச் சேந்து சிரிச்சாரு.”

அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. சாரம் கட்டினார். மெஸ் சாவியை மறுபடியும் அவரிடமே கொடுத்தார்கள்.

இரண்டாயிரத்து நாலில் ஒரு சேதி வந்தது. தலைவர் ராமையா பதவியை விட்டுவிட்டார். ஊர்க் கண்மாய்க்கரை நிலத்தைப் பெரியவீட்டுக்கு விட்டுக்கொடுக்கிற காகிதத்தை முன்னால் வைத்தபோது, உடம்பு சரியில்லை என்று எழுந்து போனவர் திரும்பவும் ஆபீசுக்கு வரவேயில்லையாம். நேரே முனியசாமியின் அய்யா வீட்டுக்குப் போய், “உம் மகன் நாக்காலிய நான் தொடச்சுக் குடுத்துட்டேன்ப்பா, வரச் சொல்லு,” என்றாராம். இடைத்தேர்தல்.

மறுபடியும் கேன்சல் அடிக்கவேண்டும். ஊரில் அவர் மனைவி வசந்தகுமாரி டெலிபோனில் அழுதாள். இந்தத் தடவை தோற்றால் மூன்றாவது விசா யார் கொடுப்பார்கள்? அய்யாவுக்கும் கண் மங்கிவிட்டது. இப்போது விட்டால் பலகையில் ஏறினாலும் அவரால் பார்க்க முடியாது.

கேம்பில் பழைய தப்பைத் திரும்பச் செய்யக்கூடாது என்று முடிவு கட்டினார்கள். இனிமேல் எவனும் ராமையா என்று கூப்பிடக்கூடாது, முனியசாமி என்றுதான் கூப்பிட வேண்டும், தவறினால் மெஸ் அண்டாவைக் கழுவவேண்டும். முதல் வாரம் அண்டா கழுவாத ஆளே கிடையாது. முனியசாமி என்று கூப்பிட்டால் அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்பதே அவருக்கு உறைக்கவில்லை. ஒரு நாள் கோபம் தாங்காமல் சேதுபதி, “ஏண்ணே, உம் பேருக்கு நீயே திரும்ப மாட்டேங்கிற, ஊரு எப்பிடித் திரும்பும்?” என்றான். திக்காமல் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். முனியசாமி சிரிக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் கூடியது. சின்னத்தை மட்டும் சொல்லலாம் என்றார் ஒருவர். சின்னம் கிடைக்கவே நாளாகும், அதற்குள் பெரியவீட்டுக்காரர் நாலு முனியசாமியைப் பிடித்துவந்து நிறுத்துவார் என்றார் இன்னொருவர். அந்தச் சீமையில் வீட்டுக்கு ஒரு முனியசாமி உண்டு. ஆளாளுக்குக் கத்தினார்கள். முனியசாமி வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, எப்போதும் செய்கிறதையே செய்தார். கூட்டத்தில் பேசாத ஆள் யார் என்று தேடினார். சேதுபதி இப்போது பேசுகிறவனாகிவிட்டான். அவர் திரையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

“அக்கா, நீங்க சொல்லுங்க.”

கத்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரையைத் திரும்பிப் பார்த்தார்கள். செய்கு முகம்மதுவே என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். அந்தக் கடைக்குள் பத்ருன்னிசாவின் குரல் அதுவரை கேட்டதில்லை. எழுந்து உள்ளறைக்குப் போய்விடலாமா என்று இருந்தது. தோலைக் காட்டிய சேதுபதி ஞாபகத்துக்கு வந்தான். ஒருவேளை இதற்கும் பெரிய பேச்சு வேண்டியதில்லை.

“எதுக்கு ஒரு பேர எடுத்துட்டு ஒரு பேர வைக்கணும்?” என்றாள் திரைக்குப் பின்னாலிருந்து. “ராமையா மகன் முனியசாமின்னு சொல்லுங்களேன். எத்தனை முனியசாமியக் கொண்டாந்தாலும் ராமையா மகன் ஒருத்தர்தானே.”

சேதுபதி தொடையில் தட்டிக்கொண்டு, “யல்லா, வாங்கடா!” என்று டெலிபோனைப் பார்த்து ஓடினான்.

அன்றிலிருந்து அந்த இரண்டு டெலிபோன்களிலும் போனது அதுதான். ராமையா மகன் முனியசாமி. ஊரில் சுவரெழுத்தும் அப்படியே. பெரியவீட்டுக்காரர் இரண்டு முனியசாமிகளை நிறுத்தத்தான் செய்தார். ஆனால், “ராமையா மகனுக்கு என்ன சின்னம்?” என்று பெண்கள் கேட்டபோது அவர் ஆட்களால் தங்கள் சின்னத்தைச் சொல்ல முடியவில்லை; அந்த இருவரில் எவனும் ராமையா மகன் இல்லை. ஏலே என்று கூப்பிட்டுப் பழகிய வாய்கள் நாளைக்கு நூறு தடவை ராமையா, ராமையா என்று சொல்ல வேண்டியதாயிற்று.

ஜெயித்தார். பலகையில் இனிஷியல் போட வந்த பெயிண்டரை நிறுத்தி, ராமையா மகன் முனியசாமி என்று முழுசாக எழுதச் சொன்னாராம். இடம் போதாமல் கடைசி எழுத்துகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அய்யாவைக் கூட்டிப்போய்க் காட்டினார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கண்ணும் சரியில்லை. பெயிண்ட் காய்ந்த பிறகு விரலால் தடவிப் பார்த்துவிட்டு, “இம்புட்டு நீளமாடா நம்ம பேரு?” என்று கேட்டாராம்.

அதற்குப் பிறகு நடந்ததையெல்லாம் முசஃபாவிலிருந்து கேட்டவர்களுக்கு மூச்சு முட்டியது. சாரம் ஏறுகிறவன் ஒரு குழாயைப் பிடித்துக்கொண்டு அடுத்த குழாயில் கால் வைப்பான். அவர் அப்படித்தான் ஏறினார். சுடுகாட்டுக்குப் பாதை போட்டார். கிராமசபைக் கூட்டத்தில் முன்வரிசைக்காரர்களை உட்காரச் சொல்லிவிட்டு, கடைசி வரிசையில் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பேசச் சொன்னார். அவள் பேசும்வரை காத்திருந்தார். அதைக் கேள்விப்பட்டு ஒரு கட்சியிலிருந்து ஆட்கள் தேடிவந்தார்கள். இரண்டாயிரத்து ஆறில் ஒன்றியத் தலைவரானார். அடுத்த வருஷம் ஏதோ விழாவுக்காக அபுதாபி வந்தவர், வெள்ளை வேட்டி சட்டையோடு நேரே கடைக்கு வந்து பால் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். “சேர் இருக்கு தலைவரே,” என்று செய்கு முகம்மது இழுத்தார். “மாமா, மாப்ளன்னு கூப்பிடலேன்னா எந்திரிச்சுப் போயிருவேன்,” என்றார் அவர். வெளியே சேதுபதி பழைய ஞாபகத்தில் “ராமையாண்ணே!” என்று கத்தினான். திரையின் ஓரத்திலிருந்து பத்ருன்னிசா பார்த்தாள். அவர் முதலில் பின்னால்தான் திரும்பினார்.

இரண்டாயிரத்து ஒன்பதில் பாராளுமன்றத் தேர்தல். தனித்தொகுதிக்கு ஆள் தேடிய கட்சி, தலைவர்களின் மருமகன்கள் ஒருவரையொருவர் காலை வாரிவிட்டதில் சண்டை ஓயாமல், கடைசியில் யாருக்கும் விரோதமில்லாத ஒருவரை நிறுத்தியது. இந்தத் தடவை டெலிபோன் பூத்துக்கு வேலையில்லை. எல்லார் கையிலும் மொபைல் வந்துவிட்டது. முசஃபாவிலிருந்து ருவைஸுக்கும், அங்கிருந்து தோஹா தொழில்பேட்டைக்கும் அந்த மூன்று வார்த்தைகள் பறந்தன.

ஜெயித்துப் பதவி ஏற்கிற அன்று கடையில் நிற்க இடமில்லை. டூட்டியில் இல்லாதவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். தமிழ்ச் செய்தியில் அந்தப் பெரிய மண்டபத்தைக் காட்டினார்கள். வட்ட வட்டமாகப் பச்சை இருக்கைகள். பத்ருன்னிசா திரையை ஒதுக்கிவிட்டு வாசற்படியிலேயே வந்து நின்றிருந்தாள். அவள் வந்து நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லார் கண்ணும் டி.வி.யில்.

ஒருவர் வாசித்தார். டெல்லிக்காரருக்கு நம் இனிஷியல் கணக்குத் தெரியுமா? காகிதத்தில் இருந்தபடி, “ஸ்ரீ ராமையா முனியசாமி” என்று கூப்பிட்டார்.

அவர் எழுந்தார். எழுந்தவர் முன்னால் நடக்கவில்லை. ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தார். நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது, அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவில், திரும்பிப் பார்த்தார்.

“பாவி, பதறிட்டானே,” என்று செய்கு முகம்மது நெற்றியில் கை வைத்தார்.

“பதறல,” என்றாள் பத்ருன்னிசா. கடையிலிருந்த எல்லாருக்கும் கேட்டது. “அவுக அய்யா வந்துட்டாகளான்னு பாக்குறாக.”

கேமரா மேலே பார்வையாளர் மாடத்துக்கா போகும்? போகவில்லை. ஆனால் அவர் பார்த்த திசையில் மேலே, வசந்தகுமாரிக்குப் பக்கத்தில், புது வேட்டியில் அந்தக் கிழவர் உட்கார்ந்திருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. கீழே நடப்பது எதுவும் கிழவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

“ராமையா மகன் முனியசாமி என்னும் நான்,” என்று தமிழில் ஆரம்பித்தார். சேதுபதி வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு குலுங்கினான். பத்ருன்னிசா படியிலிருந்து அசையவில்லை. தான் சொல்லிக்கொடுத்தது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதனால் ஒரு பெயரை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடிகிறது என்று மட்டும் நினைத்தாள்.

இப்போது முனியசாமி பாராளுமன்ற உறுப்பினராக டெல்லிக்கும் ஊருக்கும் போய்வந்துகொண்டிருக்கிறார். சேதுபதி அதே கேம்பில் மெஸ் செக்ரட்டரி. செய்கு முகம்மதின் கடை இருக்கிறது, திரை இல்லை. சாயங்கால வியாபாரத்தைப் பத்ருன்னிசாவே கல்லாவில் இருந்து பார்க்கிறாள். முனியசாமியின் அய்யா ராமையா, காலனியில் அதே வீட்டில் இருக்கிறார். பெரியவீட்டுக்காரர் அவரை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதில்லை. மற்றவர்கள் ராமையா என்றே கூப்பிடுகிறார்கள்.